நீலக் கட்டத்தில் மூன்று

என் பொன்னு மக்கா செல்வனே,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தவரை கடிதத்துக்கு என்ன வேலை? பாறசாலையில் பஸ் ஏறினால் ஒற்றசேகரமங்கலத்தில் உன் வீட்டு முன்னால் இறங்கலாம். வர நேரமில்லை என்றால் கையில் போன் இருந்தது. அக்கா தம்பிக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு நம் பேச்சும் கௌரவமாக இருந்ததில்லை. கேலி, சண்டை, அம்மாவின் மாத்திரை, மறுபடியும் கேலி.

உனக்கு வருஷம் திரும்ப இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், சாப்பிடும்போது பாதியில் உன் பேரைச் சொல்லி அழுகிறாள். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடிக்க இப்போது ஆளில்லை. உன் ஷெட்டில் ஷீட் அடிக்கிற மெஷின் துருப்பிடித்து நிற்கிறது. பேப்பரில் தினமும் நாலாம் நம்பர் ரப்பர் ஷீட்டின் விலையைப் போடுகிறார்கள். முன்பெல்லாம் நான் முதலில் பார்க்கிற கட்டம் அது. இப்போது அந்தப் பக்கம் வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறேன்.

நான் நன்றாக இல்லை மக்கா. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதினொரு மாதமாக அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கேள்வியாக இருந்தது. செத்தவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்றால் எவ்வளவு வசதி பார். அந்த வசதி எனக்கு இனி வேண்டாம். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. பத்தொன்பது வருஷமாக அந்த வேதியியல் லேபில் நான் உதவியாளர். "குப்பி கழுவுகியவ" என்று நீ சொல்லுவாய். குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றபோது போன் அதிர்ந்தது. நீ ஒரு போட்டோவும் அதன் கீழே குரல் செய்தி ஒன்றும் அனுப்பியிருந்தாய். போட்டோவில் நீல நிற பிளாஸ்டிக் கேன். கேனின் வயிற்றில் நாலு வண்ணத்தில் சாய்ந்த சதுரம்.

உன் குரலை இதற்குள் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒரு எழுத்து பிசகாமல் சொல்லுவேன்.

"அக்கச்சி, ஒரு காரியம் கேக்கட்டா. பழைய கடையில ஆசிட் இல்ல. புதிய கடையிலேந்து வாங்கிட்டு வந்தேன். இதுல நாலு கலர் கட்டம் உண்டு கேட்டியா. நீலத்தில மூணு, சிவப்பில ரெண்டு, மஞ்சள்ல சைபர். மூணாம் நம்பர் சரக்க எந்தலையில கெட்டிட்டானாக்கும், திருட்டுப்பய. கெணத்து வெள்ளம் போல இருக்கும். இதுக்குப் போய் கிளவுசு ஒண்ணும் வேண்டாம். பாலு உறையணும்னா கொஞ்சம் கூடுதல் ஊத்தணுமா? நீ ஆசிட்டுக்க கூடதானே கெடக்குத, சொல்லு. வேகம் சொல்லு, வெயிலு ஏறுது."

நான் சிரித்தேன்.

இதை எப்படி எழுதினாலும் அந்த ஒரு சொல்தான் வருகிறது. சிரித்தேன். சுவரில் என் தலைக்கு மேலே அதே நாலு வண்ணச் சதுரத்தின் படம் தொங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீலம் உடம்புக்கு வரும் கெடுதல். சிவப்பு தீப்பிடிப்பது. மஞ்சள் வெடிப்பது, சீறுவது. வெள்ளை, தனியாக எச்சரிக்க வேண்டியது ஏதாவது இருந்தால். மற்ற மூன்று கட்டத்திலும் சைபர் முதல் நாலு வரை ஒரு எண். சைபர் என்றால் பயமில்லை. நாலு என்றால் உயிர் போகும். "எழுத்தே இல்லை பாருங்கள், எந்த ஊர்க்காரனும் படிக்கலாம்" என்று பெருமையாக வேறு சொல்லுவேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், புத்தகத்தில் இங்கிலீஷ் என்று தடுமாறுகிறவர்கள். அவர்களுக்கு இதைவிட வசதியான படம் ஏது என்று நினைத்திருந்தேன்.

நீ அதை ரப்பர் ஷீட்டைப் போலப் படித்திருந்தாய். ஷீட்டில் ஒன்றாம் நம்பர் என்றால் சுத்தமானது. குமிழி இருக்காது, மணல் இருக்காது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கை தெரியும். எண் கூடக் கூடத் தரம் இறங்கும். விவரம் தெரிந்த நாள் முதல் நீ ஷீட்டைத் தூக்கிப் பிடித்து நம்பர் சொல்லி வளர்ந்தவன். அந்தக் கண்ணால் கேனைப் பார்த்தாய். மூணாம் நம்பர் ஆசிட், வீரியம் இல்லாத ஆசிட். உனக்கு அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு ஊற்றுவது என்பதுதான் உன் கேள்வி.

உன் தப்பு எனக்குப் புரியாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இல்லை. கேட்ட உடனே புரிந்தது. புரிந்ததால்தான் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற டீச்சரிடம், "என் தம்பி ஆசிட்டுக்கும் கிரேடு பார்க்கிறான் டீச்சர்" என்று சொன்னேன். அவரும் சிரித்தார். தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த ஆசிரியர் கூப்பிட்டார். நான் அவசரமாக உனக்கு ஒரு பொம்மை முகம் அனுப்பினேன், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரும்போது உன் மனைவி சுஜாவை வைத்துக்கொண்டு உன்னைப் பிய்த்து உதறலாம் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல கேலி கிடைத்தால் அதைப் போனில் வீணாக்க நமக்கு மனசு வராதே.

நீ அந்த முகத்தை எப்படி எடுத்துக்கொண்டாய்? கடைக்காரன் உன்னை ஏமாற்றியதற்கு அக்கச்சி சிரிக்கிறாள் என்றுதானே? ஆமாம், மூணாம் நம்பர்தான் என்று நான் சொன்னதாகத்தானே?

பிறகு நடந்ததை சுஜா ஆஸ்பத்திரியில் சொன்னாள். கேன் காலையிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறது. அந்த ஆசிட் சூட்டில் உள்ளே வாயுவை உண்டாக்கி மூடியைத் தள்ளும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வாயுவை விட வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். நீ குனிந்து நின்று ஒரே திருகாகத் திருகியிருக்கிறாய். சீறி அடித்தது. கழுத்து, நெஞ்சு, தொடை, சட்டைப் பையிலிருந்த போன், எல்லாம் நனைந்தது.

அப்போதாவது நீ ஓடியிருக்க வேண்டும். கிணறு பத்தடி தூரத்தில். ஓடிப்போய்த் துணியை உரிந்து எறிந்துவிட்டு வாளி வாளியாக ஊற்றியிருந்தால் இன்றைக்கு என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருப்பாய். நீ தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் துடைத்தாய். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த ரப்பர் பால் முழுக்க அங்கே இருந்தது. உறைய வைக்காவிட்டால் வெயிலில் கெட்டுப்போகும். அத்தனையையும் ஆசிட்டோடு கலக்கி, டிஷ் தட்டுகளில் ஊற்றி, மூடி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனாய். எரிச்சல் இருந்தது என்று சுஜாவிடம் சொன்னாயாம். "மூணாம் நம்பருக்கே இந்த எரிச்சலா" என்றும் சொன்னாயாம். அவளுக்கு அது விளங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் மலையாளத்தில் கேட்டார், "எத்ர நேரம் கழிஞ்ஞா வெள்ளம் ஒழிச்சது?" எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று. சுஜா, "பாலு எல்லாம் ஊத்தி முடிச்ச பெறவு" என்றாள். டாக்டர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் உனக்குத் தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். உன் குரல் உன் குரலாகவே இல்லை. என்னைப் பார்த்ததும் ஒரு பக்கமாகச் சிரிக்கப் பார்த்தாய்.

"அக்கச்சி, அந்தப் பய கேன மாத்தித் தந்துட்டான் கேட்டியா. அது மூணாம் நம்பர் இல்ல. ஒண்ணாம் நம்பராக்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். "ஆமா மக்கா, பேசாதே" என்றேன். இல்லைடா, அது மூணுதான், மூணு என்றால் மோசம், நீ தலைகீழாகப் படித்துவிட்டாய், எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாகப்போகிறவனிடம் எதற்கு என்று நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிடுவாய் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை நீ போய்விட்டாய், கடைசி வரைக்கும் எண்ணைத் தலைகீழாகவே நம்பிக்கொண்டு. கேலி செய்யலாம் என்று நான் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை அடக்கம் செய்தோம்.

இத்தோடு நின்றிருந்தால் நான் என் பாவத்தை என்னோடு வைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்திருப்பேன். அடுத்ததையும் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு உன் கிளவுஸ் ஷெட்டின் ஆணியில் இல்லை. சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும் என்று சுஜா அதை அடுக்களைக்கு எடுத்துப்போயிருந்தாள். நீ ஆணியைப் பார்த்திருப்பாய், கிளவுஸ் இல்லை என்றதும் வெறுங்கையோடு வேலையை ஆரம்பித்திருப்பாய் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவளாக அழுது அழுது அதைச் சொல்ல, அம்மா பிடித்துக்கொண்டாள். உன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊர் கேட்க மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"சேனை நறுக்கவா எம்பிள்ளைக்க கிளவுச எடுத்தா? ஒரு சேனைக்கா எம்பிள்ளைய கொன்னா?"

சுஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். என் கைப்பைக்குள் போன் இருந்தது. போனுக்குள் நீ இருந்தாய். "இதுக்குப் போய் கிளவுசு ஒண்ணும் வேண்டாம்" என்று உன் வாயால் சொன்னது இருந்தது. ஆணியில் கிளவுஸ் தொங்கியிருந்தாலும் நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய். அதை ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தால் அம்மாவின் வாய் அந்த இடத்திலேயே அடங்கியிருக்கும். ஆனால் குரலுக்குக் கீழே என் மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்ததே. நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

இப்படிப் பதினொரு மாதம். உன் போன் ஆசிட்டில் வெந்து போனது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. அம்மா சுஜாவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் மட்டும் மாதம் ஒரு தடவை போவேன். சுஜா இளைத்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் காப்பி வைப்பாள். "அம்மைக்கு என்னிய கண்டா வெறுப்பு மாறிச்சா மைனி?" என்று கேட்பாள். "மாறும், பொறு" என்பேன். எந்த வாயால் சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

போன மாதம் உங்கள் ஊர் ரப்பர் சொசைட்டியின் தலைவர் தங்கப்பன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "செல்வனுக்கு வந்தது இனி ஒருத்தனுக்கும் வரப்பிடாது. ஆசிட் கேன்ல உள்ள அடையாளத்த பத்தி ஒரு கிளாஸ் எடுக்கணும். ஒன்னியப்போல தெரிஞ்சவ வேற ஆரு உண்டு?" என்றார். முடியாது என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது? பள்ளிக்கூடத்துப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

சொசைட்டிக் கட்டடம் நிறைய ஆள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், ஷீட் அடிக்கிறவர்கள், பெண்கள் பாதிப் பேர். சுஜாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் படத்தை ஆணியில் மாட்டினேன். பள்ளியில் ஆரம்பிப்பது போலவே, "நீலக் கட்டத்தில் மூணு போட்டிருந்தா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"மூணாம் தரம்" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"ஒண்ணு இருந்தாதான் நல்ல சரக்கு" என்றார் இன்னொருவர்.

"சைபர்னா அதுக்கும் மேல, எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று ஒரு பெண் சொன்னாள். தலைகள் ஆடின. மக்கா, அந்தக் கட்டடத்தில் அத்தனை பேரும் உன்னைப் போலத்தான் படித்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஷீட்டோடு வாழ்கிறவர்களின் கைக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் அவர்கள் ஷீட்டைப் போலத்தான் படிப்பார்கள். இது எனக்குத் தெரிய நீ சாக வேண்டியிருந்தது.

எண் கூடினால் ஆபத்து கூடும் என்று சொல்லிக்கொடுத்தேன். உறைய வைக்கிற ஆசிட்டுக்கு நீலத்தில் மூணு, தோலைத் தின்னும், ஆவி நுரையீரலைத் தின்னும், சிவப்பில் ரெண்டு, சூடானால் அதன் ஆவியில் தீப்பிடிக்கும் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். அப்போது பால் வெட்டும் ராஜம்மா ஒரு தாளை நீட்டினாள். புதிய கடையில் கேட்டு வாங்கிய தாள், அந்த ஆசிட்டைப் பற்றிய பாதுகாப்பு விவரம். அவள் மகள் அதில் ஒரு வரியைப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். தோலை அரிக்கும் தன்மை, வகை ஒன்று என்று இருந்தது.

"இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஒங்க கணக்குல ஒண்ணுன்னா பயமில்லல்லா?"

நான் விழித்தேன். அந்தத் தாளில் எண்ணுகிற முறை வேறு. அங்கே ஒன்றுதான் ஆகக் கொடியது, எண் கூடினால் ஆபத்து குறையும். கேனில் ஒரு திசை, தாளில் எதிர்த் திசை. இரண்டும் ஒரே ஆசிட்டுக்கு. அதையும் சொன்னேன். "அப்ப எத பாத்து நாங்க பயப்படணும்?" என்று ராஜம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. எந்த எண்ணையும் நம்பாதே, எல்லாவற்றுக்கும் கிளவுஸ் போடு, மேலே பட்டால் தண்ணீருக்கு ஓடு என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. எண்களைப் போட்டவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் மக்கா. அவர்கள் நம் பக்கத்துக் கிணற்றங்கரையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிளவுஸ் என்ற சொல் என் வாயில் வந்ததும் கடைசி வரிசையில் சுஜா எழுந்தாள். அவ்வளவு பேர் நடுவில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"மைனி, அன்னைக்கு ஆணியில கிளவுசு இருந்திருந்தா அவரு பிழைச்சிருப்பாரா?"

எல்லாருக்கும் அந்தச் சேனைக் கதை தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்திலும் நான், "அதெல்லாம் இப்ப எதுக்கு சுஜா, இரி" என்றேன். அவள் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவளோடு நடந்து உன் வீட்டுக்குப் போனேன். வழியில் அவள், "ஒரு வருஷமா நான் சேனை வாங்கல மைனி. கடையில கண்டாலே திரும்பி நடந்திருவேன்" என்றாள். வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தவள் நடுவில் சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டுக்குள் போனதும் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "அவன் அன்னைக்கு எனக்கு அனுப்பினது. கேளு" என்றேன்.

உன் குரல் அந்த அறையில் கேட்டது. அக்கச்சி, ஒரு காரியம் கேக்கட்டா.

முதல் தடவை அவள் உன் குரலை மட்டும்தான் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டாவது தடவை கிளவுஸ் என்ற இடத்தில் அழுகை நின்றது. மூன்றாவது தடவை அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டாள். "கிளவுசு ஒண்ணும் வேண்டாம்" என்றாய் நீ. அவள் நெற்றி சுருங்கிப் பிறகு மெல்ல விரிந்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அது இருந்தது. அவள் விரல் திரையில் கீழே இறங்கியது.

"நீங்க சிரிச்சியளா?"

"சிரிச்சேன்."

"அவரு கேட்டதுக்குப் பதில் எங்க?"

"ஞாயித்துக்கிழமை நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் போனைக் கட்டில் மேல் வைத்தாள், உடையக்கூடிய ஒன்றை வைப்பது போல. என்னைத் திட்டுவாள், அடிப்பாள், அது ஒன்றும் இல்லாவிட்டால் கதறுவாள் என்று நின்றேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"சிரிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆருக்குத் தெரியும் இப்பிடி ஆகும்னு? ஆனா ஒரு வருஷமா என்னியப் பாத்துட்டு இருந்தியளே மைனி. மாசாமாசம் வந்து, காப்பி குடிச்சிட்டு, பாத்துட்டு இருந்தியளே."

"இனி இங்கோட்டு வரண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். நான் போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே நடமாடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

லேபில் இப்போது அந்தப் படம் இல்லை. சொசைட்டியில் மாட்டியதை நான் கழற்றி எடுத்துவரவில்லை. பிள்ளைகள் வெற்றுச் சுவரைப் பார்த்து என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பள்ளியில் சிரிப்புச் சத்தம் கேட்டால் லேபின் கதவைச் சாத்திவிடுகிறேன். இது சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. எப்படிச் சரியாகும்? உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ கேலி செய்வாய், அது எனக்குப் போதும். கேலி செய்ய நீ இல்லையே.

நேற்று ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். உன் செய்திக்குக் கீழே, அந்த மஞ்சள் முகத்துக்குக் கீழே, பதிலை எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழவில்லை. எந்தக் காலத்திலும் விழாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

செல்வா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பதினெட்டு நாள் கழித்து உன் கல்லறையில் ஜெபம் முடிந்து எல்லாரும் நிற்கும்போது, அம்மாவின் முன்னால், ஊரின் முன்னால், உன் குரலைப் போட்டுக் காட்டுவேன். சுஜா வந்தாலும் வராவிட்டாலும் போடுவேன். கிளவுஸ் எடுத்தவள் மேல் ஒரு துளி குற்றமும் இல்லை என்று என் வாயால் சொல்லுவேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று போனை நீட்டி அம்மாவுக்குக் காட்டுவேன். அந்த முகத்தை நான் அழிக்க மாட்டேன். அம்மாவின் விரல் என் பக்கம் திரும்பட்டும். ஒரு வருஷம் தாமதம்.

இனி நீ கேட்டதற்குப் பதில் சொல்லுகிறேன், கேட்டுக்கோ. இல்லை மக்கா, அது மூணாம் தரம் இல்லை. நீலத்தில் மூணு என்றால் ரொம்ப மோசம். கூடுதல் ஊற்றாதே. கேனை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் வை. மூடியை மெல்லத் திருகு, முகத்தை விலக்கிக்கோ. கிளவுஸ் இல்லாமல் தொடாதே, அடுக்களையில் இருக்கும், சுஜாவிடம் கேள். மேலே பட்டுவிட்டால் பால் கெட்டால் கெடட்டும், போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடு. ஓடு மக்கா, ஓடு.

கேட்ட உடனே பதில் சொல்லாத,
உன் அக்கச்சி